சிவப்பு அம்பு ஒட்டிய இடம்

என் வயிற்றுவலிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும். காலையில் அம்மாவின் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது எழுந்து உட்காரும். நான் யூனிஃபார்ம் மாட்டும்போது முறுக்கும். பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கும் நேரத்தை நான் வீட்டிலேயே கடந்துவிட்டால் சமர்த்தாக அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை அது வந்ததே இல்லை. கர்த்தர் ஓய்ந்திருந்த நாளில் அதுவும் ஓய்ந்திருந்தது. ஒரு மழைநாளில் பாயில் சுருண்டு கிடந்தவள், அப்பாவின் போனில் லீவு என்று மெசேஜ் வந்ததும் எழுந்துபோய் நனைந்துகொண்டே பாண்டி ஆடினேன். அப்பா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "உன் வயித்துவலி கவர்மெண்ட் ஸ்டாஃப் போலகீது, லீவு நாள்ல டூட்டிக்கே வர்றதில்ல" என்றார்.

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அது. பாலாற்றுக்கு அக்கரையில் இருந்தது எங்கள் ஊர். ஐந்தாவது வரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். டீச்சரே என்னை "ஏ வாயாடி" என்றுதான் கூப்பிடுவார். ஆறாவதுக்குப் பாலம் தாண்டி ஆம்பூரில் பெரிய பெண்கள் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே ஒரு வகுப்பில் இருந்த பிள்ளைகளை எங்கள் ஊர்ப் பள்ளி முழுக்க நிரப்பினாலும் இடம் போதாது. வாயாடியின் வாய் பாலத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கமே நின்றுவிட்டது.

எல்லாம் இங்கிலீஷ் வகுப்பில் ஆரம்பித்தது. இங்கிலீஷ் டீச்சர் கெட்டவர் இல்லை. தென்காசிப் பக்கமிருந்து அந்த வருஷம்தான் மாற்றலாகி வந்திருந்தார். வகுப்பில் எல்லோரும் வாய்திறந்து வாசிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. முதல் பெஞ்சிலிருந்து ஆளுக்கொரு பத்தியாக எழுந்து நின்று வாசித்துக்கொண்டு வர வேண்டும். எனக்கு முன்னால் இருப்பவர்கள் வாசிக்க வாசிக்க, எனக்கு எந்தப் பத்தி வரும் என்று தேடிப் பிடித்து, அதை மனசுக்குள் பத்துத்தரம் வாசித்து வைப்பேன். மனசுக்குள் அருமையாக வரும். முதல் வாரம் என் முறை வந்தபோது எழுந்தேன். வாயைத் திறந்தேன். வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. முதல் பெஞ்சு வினோதினி திரும்பிப் பார்த்து, "மிஸ், இவ ம்யூட்ல இருக்கா மிஸ்" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் ஒரு நொடி சிரித்துவிட்டு, அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டார். அன்றிலிருந்து என் பெயர் ம்யூட்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. சாப்பிடும்போதுகூட வாய் மூடாதவள் நான். எனக்கு இப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் வேறு யாரையோ சொல்கிறேன் என்று நினைப்பார்கள். ஆகவே வயிறு எனக்காகப் பேச ஆரம்பித்தது.

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட்டார்கள். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபித்தார். பக்கத்து வீட்டு அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பாஸ்டர் தெருவைத் தாண்டும்வரை காத்திருந்து உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். என் பக்கத்தில் உட்காரும் நஸ்ரீன், அவள் அம்மா மசூதியிலிருந்து வாங்கி வந்த ஓதின தண்ணீரை வாட்டர் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாவற்றையும் குடித்தேன். மறுநாள் காலை ஹாரன் அடித்ததும் வயிறு வழக்கம்போல ஆஜரானது.

கடைசியில் அப்பா ஒருநாள் ஆட்டோ ஓட்டாமல் என்னை வேலூருக்கு அழைத்துப் போனார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என்ன படிக்கிறாய், எந்தப் பாடம் பிடிக்காது என்றெல்லாம் சும்மா கேட்பதுபோல் கேட்டார். பிறகு அப்பாவிடம், வயிற்றில் ஒன்றுமில்லை, பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் பயப்படுகிறாள் என்றார். அப்பா சற்று யோசித்து, "பயத்துக்கு எதுனா மாத்திர கீதா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். டாக்டர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, "இன்னா பயம்டா கண்ணு?" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவரும் வேறு ஜன்னல் வழியாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அத்தைக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்பாகங்களைக் கட்டுக்கட்டாக வாங்கிவந்து வாசலில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு அதுதான் தொழில். "படிப்பு ஏறலன்னா வுடு. எங்கூட குந்தி தைக்கட்டும். பொண்ணுக்கு வெரல் நீளம், நல்லா வரும்" என்றாள். எனக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. அத்தை வாசலில் ரேடியோ உண்டு, முறுக்கு உண்டு, வாசிக்கச் சொல்ல யாருமில்லை. நான் அங்கேயே ஒரு ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன். அம்மா வந்து என் கையிலிருந்த ஊசியை வாங்கி, நூல்கண்டில் குத்திவைத்துவிட்டு, என்னை வீட்டுக்குள் இழுத்துப் போனாள். அவள் பிடித்த இடம் ராத்திரிவரை வலித்தது. இதற்கு எதற்கு இவ்வளவு கோபம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒரு ஷூ கம்பெனியில் செக்கர். முடிந்த ஷூவைக் கையில் எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்ப்பாள். தையல் தப்பியிருந்தாலோ பசை வழிந்திருந்தாலோ, பொட்டு அளவில் இருக்கும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்து, முனை சரியாகக் குறையைத் தொடும்படி ஒட்டித் தள்ளி வைப்பாள். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. தோசையின் கருகல், சுவரின் பல்லி எச்சம், என் காதுக்குப் பின்னால் போகாத சோப்பு நுரை எதுவும் அவளிடமிருந்து தப்பாது. ஆனால் கம்பெனியை மட்டும் வீட்டுக்குள் விடமாட்டாள். அங்கே கழுத்துவரை பட்டன் போட்ட நீலக் கோட்டுக்குள்தான் வேலை. கோட்டை அங்கேயே கழற்றி மாட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். அவள் புடவையில் ஒரு நூல் பிசிறுகூட ஒட்டி வந்ததில்லை.

அந்த மாதம்தான் அவளைக் கடைசி மேசைக்கு மாற்றியிருந்தார்கள். வாங்குகிற வெள்ளைக்காரர்களின் ஆட்கள் வந்து நின்று பார்க்கும் மேசை அது. அங்கே ஃபேன் உண்டு என்பதுதான் எனக்குத் தெரிந்த விசேஷம். "இனிமே உங்கம்மா வீட்ல இங்கிலீஷ்லதான் திட்டுவா" என்று அப்பா கிண்டல் செய்தார். அம்மா சிரித்துவைத்தாள். காலையில் இட்லியை மட்டும் தொடாமல், கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பிவிடுவாள். அந்த இட்லிகள் என் தம்பிக்குப் போயின. அவனுக்கும் அந்த மாற்றத்தில் மகிழ்ச்சி.

ஒருநாள் காலை, நான் வழக்கம்போலச் சுருண்டிருந்தேன். அம்மா ஒரு கையில் டிபன் பையும் ஒரு கையில் சீப்புமாக நின்றாள். ஹாரன் அடித்துவிட்டது.

"எங்கடி வலிக்குது? சரியா சொல்லு."

"இங்க."

"நேத்து அந்தப் பக்கம் சொன்ன."

"அங்கயும்தான்."

"இன்னா பேஜார்டி உன்னோட!" என்றவள், ஏதோ நினைத்துக்கொண்டு பையில் கைவிட்டுத் துழாவினாள். கோணலாக வெட்டுப்பட்டு, குப்பைக்குப் போகவேண்டிய ஸ்டிக்கர் துண்டு ஒன்று கிடைத்தது. நாலைந்து அம்புகள் இருந்தன. "இந்தா. எங்க வலிக்குதோ கரெக்டா அங்க ஒட்டிக்க. எடம் மாறுச்சின்னா எடுத்து மாத்தி ஒட்டு. சாய்ந்தரம் வந்து செக் பண்றேன். இப்ப ஸ்கூலுக்குப் போ" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அதை யோசித்துச் செய்த வைத்தியம் என்று இப்போது சொன்னால் அழகாக இருக்கும். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பிள்ளை கையில் எதையாவது கொடுத்துவிட்டு ஓடிய கதைதான் அது.

ஆனால் எனக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. சட்டையைத் தூக்கி, தொப்புளுக்கு மேலே ஒன்றை ஒட்டிக்கொண்டு கிளம்பினேன். பாலத்தில் நடக்கும்போது, வலி உண்மையில் அங்கேதான் இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டே போனேன். கவனித்தால் அது சற்று மேலே இருந்தது. பள்ளிக்கூட வாசலில் நெஞ்சுக்குழிக்கு வந்துவிட்டது. பாத்ரூமில் போய் மாற்றி ஒட்டினேன். இங்கிலீஷ் வகுப்பில் அது கழுத்துக்குக் கீழே நின்றது. அன்றைக்கு வாசிப்பு எங்கள் பெஞ்சுக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

சாயங்காலம் அம்மா என்னை நிஜமாகவே டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தித் தாடையைப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தாள். வயிற்றிலிருந்து அம்பு எப்படி எப்படி ஏறியது என்று விவரமாகச் சொன்னேன். செக்கர் தலையை ஆட்டினாள்.

"வயித்துல இருந்து தொண்டைக்கு வந்துடுச்சா? அப்ப நல்லதுதான். இன்னும் கொஞ்சம் ஏறுனா வாய் வழியா வெளிய போய்டும்."

அவள் முகத்தில் சிரிப்பில்லாததால் நான் அதை நம்பினேன்.

அந்த வாரக் கடைசியில் அகப்பட்டுக்கொண்டேன். தொண்டைக்குழியில் ஒட்டியிருந்த அம்பு காலருக்கு வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. டீச்சர் வருவதற்கு முன்னால் வினோதினி அதைப் பார்த்துவிட்டாள். அவள் அப்பா ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர்.

"ஏய், இங்க பாருங்கடி! ம்யூட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கீறாங்க. ரிஜெக்ட் பீஸ்!"

மற்ற ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் அதற்கு அர்த்தமே புரிந்திருக்காது. எங்கள் வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாடு தெரியாதவர்கள் நிறைய உண்டு. ஷூவின் அப்பர், லைனிங், சோல் எது என்று தெரியாதவர்கள் கிடையாது. எல்லோர் வீட்டிலும் ஒருவராவது தோலிலோ ஷூவிலோ இருந்தார்கள். ஆகவே எல்லோரும் புரிந்து சிரித்தார்கள். இனி நாளையிலிருந்து அத்தை வாசல்தான், முறுக்குதான் என்று முடிவே செய்துவிட்டேன். ரேடியோவையும் முறுக்கையும் நினைத்தும் ஏனோ சந்தோஷமாக இல்லை. அழுகைதான் வந்தது.

அப்போது நஸ்ரீன் எழுந்தாள். அவள் அண்ணன் ஃபினிஷிங்கில் ரிப்பேர் பார்க்கிறவன். வீட்டில் உருது பேசுகிறவள், கோபம் வந்தால் தமிழ் தாறுமாறாக வரும்.

"உனக்கு இன்னா தெரியும்? ரிஜெக்ட்டுக்கு எவன்டி ஸ்டிக்கர் ஒட்டுவான்? ரிஜெக்ட்டு ஸீதா, நேரா குப்ப டப்பாவுல போவும். ரிப்பேர் பண்ணா போதும், அப்பறம் பாக்ஸ் போட்டு ஃபாரின் அனுப்பலாம்னா தான் ஸ்டிக்கர். எங்க பய்யா டெய்லி அதான் பண்றாரு!"

"எங்கப்பா சூப்பர்வைசர்டி."

"சூப்பர்வைசர் சத்தம் போடுவாரு. ரிப்பேர் யாரு பண்றது?"

வகுப்பு இரண்டு கட்சியானது. ஸ்டிக்கர் ஒட்டிய ஜோடி மறுபடி லைனுக்கு வருமா வராதா என்று ஆளாளுக்குத் தங்கள் அம்மா அப்பாவைச் சாட்சிக்கு இழுத்தார்கள். இந்த அமளியில் டீச்சர் வந்து நின்றதை யாரும் பார்க்கவில்லை. அவர் மேசையைத் தட்டி, என்ன சண்டை என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னதில், ஷூவைத் தவிர அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அம்பு எதுக்கு? எந்தப் பக்கமா ஒட்டுவாவ?" என்று நஸ்ரீனைக் கேட்டார்.

"வால் பக்கம் மிஸ். வால் எங்க இருக்குதோ அங்கதான் டேமேஜ்" என்றாள் நஸ்ரீன், அடித்துச் சொல்கிற குரலில்.

"இல்ல மிஸ், முனைதான்!"

யாரோ சத்தமாகச் சொன்னார்கள். வகுப்பு திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் அந்த யாரோ நான் என்று தெரிந்தது. செக்கர் வீட்டுப் பிள்ளையால் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "வால ஒட்டுனா ரிப்பேர்காரருக்கு எடம் தெரியாது மிஸ். முனை டேமேஜ தொடணும். ஆனா மேல ஏறக்கூடாது, ஏறுனா மறைஞ்சிடும். எங்கம்மா செக்கர் மிஸ். கடைசி மேசை" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

ம்யூட் எடுத்துவிட்டதை முதலில் கவனித்தவள் வினோதினிதான் என்று நினைக்கிறேன். அவள் வாய் திறந்தபடி இருந்தது.

டீச்சர் என் கழுத்தைப் பார்த்தார். "அப்போ அங்க என்ன டேமேஜ்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சத்தம் வராது மிஸ்" என்றேன்.

"இப்போ வந்துச்சுல்லா?"

புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். வாசிப்பு எங்கள் பெஞ்சுக்கு வந்தது. நான் எழுந்தேன். சினிமாவில் என்றால் இங்கே மடமடவென்று வாசித்துக் கைதட்டு வாங்கியிருப்பேன். எனக்குக் குரல் ஆடியது. ஒரு சொல்லில் தடுக்கி, அதையே மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பாதியில் நின்றேன். நஸ்ரீன் பெஞ்சுக்கு அடியில் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள், எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது. மீதியையும் வாசித்து உட்கார்ந்தேன். மோசமான வாசிப்புதான். ஆனால் கடைசி வரியில் புள்ளி வரைக்கும் சத்தம் இருந்தது. உட்கார்ந்தபோது பசித்தது. காலையில் பசித்து எத்தனை நாளாயிற்று என்று இருந்தது.

வலி அன்றோடு ஓடிவிடவில்லை. பரீட்சை நாட்களிலும், கலெக்டர் வருகிறார் என்று எல்லோரையும் வெயிலில் நிறுத்திய நாளிலும் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் அதைக் கண்டு பாயில் சுருளுவதை விட்டுவிட்டேன். எந்த இடம் என்று பார்த்து அம்பை ஒட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அத்தை சில நாள் என் விரல்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள், பிறகு மறந்துவிட்டாள்.

அம்புகள் தீரத் தீர அம்மா இன்னொரு வீணான துண்டைக் கொண்டுவந்து தந்தாள், கொஞ்ச நாளில் என் வியாபாரம் பெருகியது. கணக்கு வகுப்பில் முட்டி நடுங்குகிறது என்று நஸ்ரீன் ஒன்று வாங்கி முட்டியில் ஒட்டிக்கொண்டாள். இன்னொருத்திக்கு நெற்றிப் பொட்டில். ஒருநாள் பாத்ரூம் பக்கத்தில் வினோதினி என்னைத் தனியே நிறுத்தி, "எனக்கும் ஒண்ணு தர்றியா? யாருகிட்டயும் சொல்லாத" என்றாள். உள்ளங்கையைக் காட்டினாள். அது ஈரமாக இருந்தது. ஒட்டிய அம்பு வழுக்கிக்கொண்டே போனது. ரேங்க் கார்டு வரும் வாரம் முழுக்க இப்படித்தான் வேர்க்கும் என்றாள். முதல் பெஞ்சுக்காரிக்கும் வலிக்கிற இடம் ஒன்று உண்டு என்பது எனக்குப் பெரிய செய்தி. அன்று மாலை அதை அம்மாவிடம் சொல்ல ஓடிவந்தேன்.

அம்மா அப்போதுதான் பஸ் இறங்கி வந்து, வாசற்படியில் உட்கார்ந்து கால் நீட்டியிருந்தாள். வெள்ளைக்காரர்கள் வருகிற வாரம் அது. யாரோ வந்துவிட்டுப் போனார்களாம், இங்கிலீஷில் ஏதோ கேட்டார்களாம், இவளும் ஏதோ சொன்னாளாம். அப்பாவிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எஸ் சார், நோ சார்னு ஆரம்பிச்சன், அப்பறம் தானா வந்துடுச்சி" என்று சிரித்தாள். அப்பா அவளுக்கு டீ ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு வினோதினியின் செய்தி அவசரம். அம்மா மடியில் போய் விழுந்தேன். விழுந்து அண்ணாந்து பார்த்தபோது, அவள் தொண்டைக்குழியில், தாலிச் செயினுக்கு மேலே, சிவப்பாக ஒரு அம்பு தெரிந்தது. முனை மேல்நோக்கி இருந்தது.

"அம்மா, கம்பெனி ஸ்டிக்கர் உம்மேல ஒட்டிக்கினு வந்துடுச்சி பாரு!" என்று சிரித்தேன். தன்மேல் ஒரு பிசிறுகூட விடாத செக்கரை நான் செக் செய்து பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "அட ஆமா. ஒட்டிக்கிச்சி போல" என்றாள். "எடுத்துடு. இனிமே வேணாம்."

நகத்தால் நெம்பி உரித்தேன். நெடுநேரம் ஒட்டியிருந்ததால் அந்த இடம் அம்பு வடிவத்திலேயே வெளுத்திருந்தது. ஸ்டிக்கரைச் சுண்டி எறிந்துவிட்டு வினோதினியின் கதையை ஆரம்பித்தேன். அம்மா டீயைக் குடித்துக்கொண்டே கேட்டாள். கழுத்துவரை பட்டன் போட்ட கோட்டுக்குள், எந்த ஷூவின் ஸ்டிக்கர் போய் அத்தனை சரியாக ஒட்டும் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.